ஆப்ஷன் வரிசை

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து என் கடையில் உட்கார இடம் இருக்காது. கடை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. சாலை என்று பெயருள்ள கடைத்தெருவிலிருந்து பிரிகிற சந்தில் ஒரே ஒரு அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், ஒரு லேமினேஷன் மெஷின். மற்ற மாதங்களில் ஆதார் திருத்தம், கரண்டு பில், ரேஷன் கார்டு என்று ஓடும். இந்த ஒன்றரை மாதம் மட்டும் காலேஜ் அப்ளிகேஷன்தான், வேறு எதற்கும் நான் கை வைப்பதில்லை.

இது மலையாள ஊர் என்றாலும், வருகிறவர்களில் பாதிக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள். அப்பா ஹோட்டலிலோ கட்டட வேலையிலோ சாலைச் சரக்குக் கிட்டங்கியிலோ இருப்பார். மலையாளம் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுவார், எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. பிள்ளைகள் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்து, வீட்டில் தமிழும் வெளியே மலையாளமுமாக வளர்ந்திருப்பார்கள். பல்கலைக்கழகத்தின் இணையதளத்தைத் திறந்தால் இரண்டு பேருக்குமே கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கும். அதனால் என்னிடம் வருவார்கள். நான் இங்கேயே பிறந்தவள். அப்பா திருநெல்வேலியிலிருந்து பாத்திரக் கடை வேலைக்கு வந்து சாலையிலேயே தங்கிவிட்டவர். அப்ளிகேஷன் போடத்தான் வருவார்கள், ஆனால் எந்தக் கோர்ஸ், எந்தக் கல்லூரி, படித்தால் என்ன வேலை என்று எல்லாவற்றையும் என்னிடமே கேட்பார்கள். நானும் சொல்லுவேன். இந்த வேலையில் நான் கெட்டிக்காரி. இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

இங்கே டிகிரிக்குச் சேர்வது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்க வேண்டாம். ஒரே அப்ளிகேஷனில், வேண்டிய கோர்ஸையும் கல்லூரியையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எழுத வேண்டும். அதற்கு ஆப்ஷன் என்று பெயர். பல்கலைக்கழகத்துக் கம்ப்யூட்டர் மார்க்கைப் பார்த்து வரிசையை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வரும். எந்த இடம் முதலில் பொருந்துகிறதோ அதைக் கையில் கொடுத்துவிட்டு, அதற்குக் கீழே இருப்பதையெல்லாம் அழித்துவிடும். அழிந்தது அழிந்ததுதான். அப்புறம் எந்த அமைச்சரைப் பிடித்தாலும் திரும்பி வராது.

ஆகவே எல்லாமே வரிசையில்தான் இருக்கிறது. இது தெரியாமல் ஜனங்கள் செய்கிற கூத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். வீட்டு வாசலில் பஸ் நிற்கிறது என்று ஒரு கல்லூரியை முதலில் போடுவார்கள். சிநேகிதி எங்கே போகிறாளோ அதை முதலில் போடுவார்கள். ஒருத்தர் நல்ல எண் பார்த்து, அவருக்குப் பிடித்த கல்லூரியை ஏழாவது இடத்தில் வைத்திருந்தார்.

இதற்கெல்லாம் நான் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். என்னிடம் ஒரு நீளமான நோட்டு உண்டு. போன வருடம் எந்தக் கல்லூரியில் எந்தக் கோர்ஸ் எத்தனை மார்க்கோடு மூடியது என்று அதில் எழுதி வைத்திருப்பேன். யார் வந்தாலும் அந்த நோட்டைத் திறப்பேன். கிடைக்க ரொம்பக் கஷ்டமானது மேலே, சுலபமானது கீழே. அவ்வளவுதான். மார்க் வீணாகக் கூடாது. ஒரு மார்க் கூட வீணாகக் கூடாது. இதை நான் ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது சொல்லுவேன். என் வரிசையில் போட்ட எந்தப் பிள்ளைக்கும் சீட் கிடைக்காமல் போனதில்லை. ஒரு அம்மா முழுப் பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்து கவுண்டரில் வைத்துவிட்டுப் போனார். எனக்குத் தலைக்கனம் வராமல் என்ன செய்யும்?

நான் சொல்ல வந்த பெண் இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்தாள். அப்பா கிழக்கே கோட்டை என்கிற இடத்தில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். தென்காசிக்குப் பக்கத்துக் கிராமம், இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. காமர்ஸ் குரூப்பில் எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கிய பெண்ணை அவர் ஊர்வலம் மாதிரி அழைத்துக்கொண்டு வந்தார். அவள் ஒரு நூலகப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, நான் கூப்பிடுகிற வரைக்கும் படித்துக்கொண்டிருந்தாள். மலையாளப் புத்தகம்.

பத்தே நிமிடத்தில் அவளுக்கு வரிசை போட்டேன். நகரத்துக்கு நடுவே இருக்கிற பெரிய கல்லூரியில் பி.காம் முதலில். அடுத்த கல்லூரி பி.காம் இரண்டாவது. அதற்கு அடுத்தது, பிறகு எகனாமிக்ஸ் என்று எட்டு ஆனது. "வேற என்னம்மா போடலாம்?" என்று கேட்டேன்.

"மலையாளம்" என்றாள்.

"சரி, அதையும் போட்டு வைப்போம்" என்று ஒன்பதாவதாகத் தட்டினேன். நோட்டின்படி அதன் இடம் அங்கேதான். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "உனக்கிருக்கிற மார்க்குக்கு அது வரைக்கும் இறங்க வேண்டியே வராது" என்று நான் முந்திக்கொண்டேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். பின்னால் வரிசையில் எட்டுப் பேர் நின்றிருந்தார்கள். இது ஒரு சாக்குத்தான், எனக்கே தெரியும்.

ஒரு வாரத்தில் ட்ரயல் அலாட்மென்ட் வந்தது. ட்ரயல் என்றால் ஒத்திகை. இப்போதிருக்கிற வரிசைப்படி போனால் உனக்கு இன்ன இடம் கிடைக்கும் என்று முன்கூட்டியே காட்டிவிட்டு, வேண்டுமானால் வரிசையை மாற்றிக்கொள் என்று நான்கைந்து நாள் அவகாசம் கொடுப்பார்கள். நிஜமான அலாட்மென்ட் அதற்கப்புறம்தான். அவளுக்கு ஒத்திகையில் முதல் ஆப்ஷனே கிடைத்தது. என் நோட்டு மறுபடியும் ஜெயித்துவிட்டது என்று நான் உள்ளுக்குள் குதித்தேன்.

பரோட்டா மாஸ்டர் வெளியிலேயே குதித்தார். ஒத்திகையில் கிடைத்த இடத்தைக் காட்டுகிற மெமோவை என்னிடம் பிரின்ட் எடுத்து வாங்கி, "இத லேமினேட் பண்ணிக் குடுங்கக்கா" என்றார். "அண்ணே, இது ட்ரயல்தான்" என்று மெஷினைச் சூடாக்கிக்கொண்டே சொன்னேன். "ஆமாமா" என்றார். அவர் அதைக் கேட்டதாகவே எனக்குத் தோன்றவில்லை, ஆனாலும் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஓட்டிக் கொடுத்துவிட்டேன். நேராகப் பழவங்காடிப் பிள்ளையாரிடம் போய் நூற்றியொரு தேங்காய் உடைத்திருக்கிறார். வேண்டுதலாம். ஹோட்டலில் சாப்பிட வருகிறவர்களுக்கெல்லாம் மெமோவைக் காட்டுகிறார் என்று டீக்கடைக்காரர் வந்து சொன்னார்.

மூன்றாம் நாள் மத்தியானம், கடையில் வேறு யாரும் இல்லாத நேரத்தில், அந்தப் பெண் தனியாக வந்தாள். வரிசையை மாற்ற மறுநாள் சாயந்திரம்தான் கடைசி.

"ஆன்ட்டி, ஆர்டர் மாத்தணும்."

"எதுக்கு? முதல் ஆப்ஷனே கிடைச்சிருக்கே."

"அதுகொண்டுதான் மாத்தணும். அது கிடைச்சா பாக்கியெல்லாம் போயிடும் அல்லே? ஒன்பதாவது இருக்குதே, அது மேல வரணும்" என்றாள், மலையாளம் கலந்த தமிழில்.

எனக்கு ஒன்பதாவது என்னவென்றே நினைவில்லை. திரையில் பார்த்துவிட்டு, "மலையாளமா?" என்றேன். "நீ தமிழ்ப் பொண்ணு."

"அதினு எந்தா ஆன்ட்டி?"

அதனால் என்ன என்று கேட்கிறாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் எனக்குச் சீக்கிரம் வரும். "ஃபுல் ஏ பிளஸ் வாங்கிட்டு பி.ஏ. மலையாளம் படிக்கப் போறியா? இத்தனை மார்க்கையும் கொண்டுபோய் ஓடையில கொட்டப் போறியா? அங்க சேர இதுல பாதி மார்க் போதுமே" என்று பொரிந்து தள்ளினேன்.

அவள் அசையவில்லை. "மார்க் என்னோடதுதானே? வீணாகட்டும். மூணு நாலு வருஷம் பிடிக்காத படிப்பு படிச்சா நான்தானே வீணாவேன்?" என்றாள்.

பதில் சொல்வதற்குள் கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ் கூச்சலிட்டுவிட்டு அடங்கியது. கரண்ட் வருகிற வரை வேறு வேலை இல்லை. வெயில் வாசல் வரை வந்திருந்தது. நான் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். முதல் நாள் பார்த்ததல்ல, வேறு ஒன்று. "என்ன கதை?" என்று சும்மா கேட்டுவைத்தேன்.

அவள் கதையைச் சுருக்கிச் சொல்லவில்லை. புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில் வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். கண் மலையாளத்தில் ஓடுகிறது, வாய் தமிழ் பேசுகிறது. நடுவில் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற பெண், அவள் ஒரு தடவைகூட ரயிலேறியதில்லை. ஒரு நாள் தனக்கே ஒரு டிக்கெட் அடித்துக்கொள்கிறாள். எந்த ஊருக்கு என்று பார்க்காமல் அதை மேசை டிராயரில் போட்டுப் பூட்டுகிறாள். அந்த இடத்தில் கரண்ட் வந்தது. மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. நான் கம்ப்யூட்டரை ஆன் செய்யவில்லை.

"அப்புறம் என்ன ஆச்சு?" என்றேன்.

அவள் சிரித்தாள். "ஆன்ட்டி இங்கேயே பிறந்தீங்க அல்லோ. ஒரு மலையாளக் கதைகூட வாசிச்சதில்லையா?"

"கடையை யார் பாத்துக்கிறது? நேரம் எங்க இருக்கு?" என்றேன். அது பொய். நேரம் இருந்தது. அந்த மொழியில் ஐம்பது வருடமாக மீன் பேரம் பேசியிருக்கிறேன், ஆட்டோக்காரரோடு சண்டை போட்டிருக்கிறேன், ஃபாரம் நிரப்பியிருக்கிறேன். அதற்குள்ளே போய்ப் பார்க்கலாம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. இந்தப் பெண் ஆறு வயதில் ஒரு எழுத்தும் புரியாமல் மலையாள வகுப்பில் போய் உட்கார்ந்தவள். அவள் உள்ளே போய் வீடு கட்டிக் குடியிருக்கிறாள். நான் இன்னும் வாசல் கதவுக்கு வெளியே நின்று பேரம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். அதில் தப்பு இல்லை. இன்றைக்கும் அந்த நோட்டு நல்ல நோட்டுத்தான் என்பேன். தனக்கு என்ன வேண்டும் என்று தெரியாத பிள்ளைகளுக்கு அதைவிடச் சிறந்த வரிசை கிடையாது. வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அப்படித்தான். ஆனால் அந்தப் பத்தாவது ஆளிடம் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். அவள் சொல்ல வந்தபோது வாயை அடைத்தவள் நான். எனக்கு வெட்கமாக இருந்தது. பதினேழு வயதுப் பெண்ணுக்கு முன்னால் இவ்வளவு வெட்கப்பட்டது அதுவே முதல் தடவை.

"சரி, மாத்துவோம். லாகின் பண்ணு" என்றேன்.

அங்கே ஒரு சிக்கல் இருந்தது. லாகின் செய்தால் ஓடிபி வரும். ஓடிபி போவது அப்பாவின் போனுக்கு. அவளுக்குத் தனி போன் கிடையாது. அப்பாவுக்கோ இதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"நீங்க சொல்லுங்க ஆன்ட்டி. நீங்க சொன்னா அப்பா கேப்பாங்க."

"நான் கூட வர்றேன். பேச வேண்டியது நீதான்" என்றேன். கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினோம். சீசன் நேரத்தில் நான் ஷட்டரை இறக்கியதைப் பார்த்து எதிர்க்கடைக்காரர் யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டார்.

மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்து, சாயந்திரக் கூட்டம் தொடங்காத நேரம். மாஸ்டர் ஹோட்டலுக்குப் பின்னால் மாவு பிசைந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாங்கக்கா, சீட்டுல எதுவும் கொழப்பமா?" என்றார்.

அவள் சொன்னாள். குரல் சின்னதாக இருந்தாலும் முழுவதையும் சொன்னாள். அவர் கை மாவிலேயே நின்றுவிட்டது.

"மலையாளமா? மலையாளம் நானே பேசுதேனே. அதைப் போய் மூணு நாலு வருசம் படிக்கணுமாக்கும்?" என்று என்னைப் பார்த்தார். "என்னக்கா இது? நீங்கதான வரிசை போட்டுக் குடுத்திய?"

"நான்தான் போட்டேன் அண்ணே. தப்பாப் போட்டுட்டேன். அவகிட்ட என்ன வேணும்னு கேக்காமப் போட்டேன்."

"தப்பா? பிள்ளையாரு குடுத்திருக்காரு. தேங்கா அடிச்சாச்சு. இப்ப போயி மாத்தணும்னா எப்பிடி?" அவருக்குக் குரல் ஏறியது. "நான் இந்தக் கல்லு முன்னால வெந்துட்டு நிக்கிறது எதுக்கு? இவ ஃபேனுக்குக் கீழ உக்காந்து வேலை பாக்கணும்னுதான். பி.காம் படிச்சா பேங்க்ல உக்காருவா. மலையாளம் படிச்சா எங்க உக்காருவா?"

இது நியாயமான கேள்வி. இதற்குப் பதில் எனக்குத் தெரியும், அதனால் நிதானமாகச் சொன்னேன். டிகிரி எதுவானாலும் அரசாங்கப் பரீட்சை எழுதலாம், பேங்க் பரீட்சையும் எழுதலாம். பி.எட். முடித்தால் ஆசிரியை. பத்திரிகை இருக்கிறது. இரண்டு மொழியும் இந்த அளவுக்குத் தெரிந்த பெண்ணுக்கு மொழிபெயர்ப்பு வேலை இருக்கிறது.

"உறுதியாச் சொல்லுதியளா?"

"இல்லண்ணே. உறுதி நான் எதுக்கும் தரமாட்டேன். பி.காமுக்கும் தரமாட்டேன்."

அவர் கையைக் கழுவிக்கொண்டு சட்டைப் பையிலிருந்து லேமினேட் செய்த மெமோவை எடுத்தார். "இந்தா, முத்திரையோட வந்திருக்கு. கிடைச்சதை வேண்டாம்னு சொல்லலாமா?" என்று மகளிடம் நீட்டினார்.

அவள் அதை வாங்கிக் கீழே பொடி எழுத்தில் இருந்ததை மலையாளத்தில் வாசித்தாள். பிறகு தமிழில் சொன்னாள். "இது சோதனை அலாட்மென்ட் மட்டும். இதை வச்சு எந்தக் காலேஜ்லயும் சேர முடியாது. ஆப்ஷனை மாத்தணும்னா குறிச்ச தேதிக்குள்ள மாத்திக்கலாம்."

"மாத்திக்கலாம்னு அதுலயே போட்டிருக்கா?"

"போட்டிருக்குப்பா."

அவர் மெமோவைத் திரும்ப வாங்கி அந்தப் பொடி எழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். "வந்தவன் போனவனுக்கெல்லாம் காட்டிட்டனே" என்றார். நான் தலை குனிந்துகொண்டேன். அன்றைக்கே அவரை உட்கார வைத்து ஐந்து நிமிடம் விளக்கியிருந்தால் இந்த நிலைமை அவருக்கு வந்திருக்காது. லேமினேஷன் மெஷின் சூடாகிற நேரம் போதுமே.

"என்கிட்ட ஏன்ளா முந்தியே சொல்லல?" என்று மகளிடம் கேட்டார்.

"நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க" என்றாள்.

அவர் மெமோவைப் பையில் வைத்தார். மாவின் மேல் ஈரத்துணியைப் போட்டு மூடினார். உள்ளே போய் முதலாளியிடம் அரை மணி நேரம் லீவு கேட்டுக்கொண்டு வந்தார். மூன்று பேரும் என் கடைக்கு நடந்தோம். ரோட்டைக் கடக்கும்போது அவர் மகளின் கையைச் சின்னக் குழந்தையைப் பிடிப்பது மாதிரி பிடித்துக்கொண்டார். மனது மாறிவிட்டதா, கடைக்கு வந்து முடியாது என்று சொல்லப்போகிறாரா என்று எனக்குப் புரியவில்லை. கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்ததும் போனை எடுத்துத் தயாராகக் கையில் வைத்துக்கொண்டார். ஓடிபி வந்தது. ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாக வாசித்தார்.

அவள் ஒன்பதாவது வரியைப் பிடித்து மேலே ஏற்ற ஆரம்பித்தாள். ஒரு தடவை தட்டினால் ஒரு படிதான் ஏறும். எட்டுத் தடவை தட்ட வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் ஒன்று கீழே இறங்குவதை அவர் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக அந்தப் பெரிய கல்லூரியின் பி.காம் இரண்டாவது இடத்துக்கு வந்தபோது மட்டும் ஒரு பெருமூச்சு விட்டார்.

நிஜ அலாட்மென்டில் அவளுக்கு அந்தப் புது முதல் ஆப்ஷனான மலையாளமே வந்தது. கீழே இருந்த எட்டும் அழிந்தன. இப்போது அதைத்தான் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கிறாள், எப்போதாவது வந்து எனக்கு ஒரு புத்தகம் கொடுத்துவிட்டுப் போகிறாள், நானும் எழுத்துக்கூட்டிக் கூட்டிப் படிக்கிறேன். இது எதுவும் அன்றைக்கு எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், இந்த வரிசையைச் சேமித்துவிட்டால் கையில் இருந்த பி.காம் போய்விடும் என்பது ஒன்றுதான்.

சேமிக்கிற பட்டனைத் தட்டியதும் திரையின் நடுவில் ஒரு சின்னக் கட்டம் வந்து நின்றது.

"என்ன கேக்கு?" என்றார் மாஸ்டர்.

"புது வரிசையை வச்சுக்கவா, நிச்சயம்தானான்னு கேக்குதுப்பா."

சொல்லிவிட்டு அவள் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். எனக்கு நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

அவர் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னைய எதுக்குப் பாக்க?" என்றார். "உன்னையல்லா கேக்கு."

அவள் திரும்பி அழுத்தினாள்.